என்ன பாட்டு வாசிக்க?



போன இதழில் ‘எனது பொழுதுபோக்கு’ என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். தபால்தலை, கிரிக்கெட், செடி வளர்ப்பு, மறுபடியும் கிரிக்கெட். இந்தத் தடவை தமிழ் ஐயா என்னைப் பார்த்து, “நீ அந்தக் கிட்டாரைப் பத்தி எழுதுடே” என்று சொல்லிவிட்டார். சரியென்று உட்கார்ந்தேன். யோசிச்சுப் பார்த்தா கிட்டாரைப் பத்தி எழுத அவ்வளவா ஒண்ணும் இல்லை. ஆறு கம்பி, ஒரு கட்டை, ஒரு ஓட்டை. பாட்டைப் பத்தித்தான் நிறைய இருக்கு. கிட்டார் கத்துக்கிறவனுக்குப் பெரிய கஷ்டம் விரல் வலின்னு எல்லாரும் நினைக்கிறாங்க. விரல் வலி ரெண்டு மாசத்துல போயிரும், நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சிரும். போகாத கஷ்டம் ஒண்ணு உண்டு. தினமும் சாயங்காலம் கிட்டாரை மடியில் வச்சதும், ‘இன்னைக்கு என்ன பாட்டு வாசிக்க?’ என்ற கேள்விதான் அது.

(என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். அதனால இதைச் சார்ட்டில் எழுதித் தருவது என் பக்கத்துப் பெஞ்சுக்காரன். எழுத்துப்பிழை இருந்தால் அவனைக் கேட்கவும்.)

எனக்குச் சொல்லித் தருவது எங்க தெருவுல இருக்கிற ஒரு அண்ணன். பகல்ல வயரிங் வேலை. ராத்திரி ஆனா மெல்லிசைக் குழுவில் கிட்டார். கோயில் கொடை சீசன் வந்துட்டா அவரைப் பிடிக்கவே முடியாது. இன்னைக்கு ஒரு ஊர், நாளைக்கு ஒரு ஊர். சம்பளம்னு என்கிட்ட எதுவும் வாங்குறதில்லை. கச்சேரி முடிஞ்சு சாமான் வந்து இறங்கும்போது வயரையெல்லாம் முறுக்காமச் சுத்தி வைக்கணும், அவ்வளவுதான். வயர் சுத்துறதுலயும் ஒரு முறை இருக்குன்னு அங்கதான் தெரிஞ்சது.

முதல் நாள் அவர் கிட்டாரைத் தொடவே விடலை. “உனக்கு எத்தனை பாட்டு முழுசாத் தெரியும்?” என்று கேட்டார். ஐநூறு இருக்கும் அண்ணேன்னு சொன்னேன். “எழுதிக் காட்டு. முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும், நடுவுல லலலா போடாம.” நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். பல்லவி எல்லாருக்கும் தெரியும். முதல் சரணம் பாதி தெரியும். ரெண்டாவது சரணத்துல எல்லாம் புகை மண்டலம். எழுதி எழுதிப் பார்த்ததில் எனக்கு முழுசாத் தெரிந்தது பதினோரு பாட்டுதான். அதுல தமிழ்த்தாய் வாழ்த்து, நாட்டுப்பண், ஹேப்பி பர்த்டே, எங்க ஆச்சி பாடுற ஒரு தாலாட்டு இதெல்லாம் சேர்த்தி!

“இந்தப் பதினொண்ணுல இருந்துதான் எடுக்கணும்” என்றார் அண்ணன். காரணமும் சொன்னார். பாட்டு மனசுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்தாத்தான், விரல் தப்பான இடத்துக்குப் போகும்போது காது பிடிச்சு இழுக்கும். பாதி தெரிந்த பாட்டுல விரல் தப்பிச்சா, அது தப்புன்னே நமக்குத் தெரியாது.

நான் கேட்டது ‘இளைய நிலா’. கிட்டார் வாங்குற பத்து பேர்ல ஒன்பது பேர் அதைத்தான் கேட்பாங்கன்னு அண்ணன் சிரிச்சார். 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்துப் பாட்டு. வைரமுத்து எழுத, இளையராஜா இசையில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடியது. அடுத்த வருஷமே அந்த மெட்டு இந்திக்கும் போய், ‘கலாகார்’ படத்தில் கிஷோர் குமார் பாடினார். அந்தப் பாட்டில் கிட்டார் சும்மா துணைக்கு வர்றது இல்லை, பாடகருக்குச் சமமா நடந்து வருது. அண்ணன் அதை வாசிச்சுக் காட்டினார். இடது கையைப் பார்த்தா ஏதோ பரவாயில்லைன்னு தோணுது. வலது கையைப் பார்த்தா தலை சுத்துது. ஒவ்வொரு விரலும் ஒவ்வொரு கம்பியைத் தனித்தனியா எடுக்குது, நாலு பேர் நாலு வேலை பார்க்கிற மாதிரி. “இதை வச்சிக்கோ. இப்ப எடுக்காத. ரொம்பப் பிடிச்ச பாட்டை இருநூறு தடவை கோணலா வாசிச்சா, அந்தப் பாட்டே பிடிக்காமப் போயிரும்” என்றார்.

இதை மட்டும் நான் முழுசா ஒத்துக்க மாட்டேன். பிடிச்ச பாட்டுல நாலு சுரமாவது வாசிச்சாத்தான் மறுநாள் கிட்டாரை எடுக்கத் தோணும். அதனால இளைய நிலாவோட முதல் ஏழெட்டுச் சுரத்தை மட்டும் அவருக்குத் தெரியாம வச்சிருக்கேன். (அண்ணே, இதைப் படிச்சா கோவிச்சுக்காதீங்க.)

அவர் முதல்ல எடுத்துக் கொடுத்தது தமிழ்த்தாய் வாழ்த்து! நம்ம பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புப் பையனைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் வெளியிட்ட நாடக நூலின் வாழ்த்துப் பாடலில் இருந்து எடுத்தது. மெட்டுப் போட்டவர் எம்.எஸ்.விஸ்வநாதன். 1970-இலிருந்து அரசு விழாக்களில் பாடுகிறோம், 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அறிவித்தார்கள். ஐம்பத்தைந்து வினாடிதான். இதெல்லாம் பொது அறிவுக்கு. கிட்டாருக்கு முக்கியமானது வேற. அந்தப் பாட்டு மோகன ராகம். மோகனத்துக்கு ஐந்தே சுரம்: ச, ரி, க, ப, த. ஐந்து இடத்தில் விரல் வைக்கத் தெரிந்தால் முழுப் பாட்டும் வந்துரும். தாளமும் மூணு மூணா நடக்கிறதால கை தடுமாறாது.

ஒரே வாரத்துல வந்துட்டுது. ஆனா எங்க வீட்ல ஒரு சிக்கல். தாத்தா முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருப்பார். நான் முதல் வரியை வாசிச்சதும் பேப்பரை மடிச்சு வச்சிட்டு எழுந்து நின்னுட்டார். நான் நடுவுல தப்பு விட்டு மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பேன். அவர் உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்து நிற்பார். ஆச்சி அடுக்களையிலேர்ந்து வந்து, “ஏல, அந்த மனுசனுக்கு முட்டி வலி. ஒண்ணு ஒழுங்கா வாசி, இல்லேன்னா வேற பாட்டு வாசி” என்றார்கள். தாத்தாவை உட்காரச் சொன்னா கேட்க மாட்டார். “நீ வாசிப்புக்கு வாசிக்க. நான் பாட்டுக்கு நிக்கேன்” என்று சொல்லிவிட்டார். அதுக்கு மேல நான் என்ன சொல்ல? அந்த ஐந்து சுரத்தையும் பாட்டு இல்லாம மேலயும் கீழயும் ஏறி இறங்கி வாசிக்கிறதா மாத்திக்கிட்டேன். தாத்தாவுக்கும் நிம்மதி.

அடுத்து கார்டு. (ரேஷன் கார்டு இல்லை!) மூணு நாலு சுரத்தை ஒரே நேரத்துல சேர்த்து ஒலிக்கிறதுக்குப் பேர்தான் கார்டு. ஈ மைனருக்கு ரெண்டு விரல் போதும். ஈ மேஜருக்கு விரல் வைக்கிற அதே உருவத்தை அப்படியே ஒரு கம்பி கீழே தள்ளினா ஏ மைனர். சி-யிலிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரலை மட்டும் எடுத்து வச்சாப் போதும், மத்த ரெண்டும் அசையவே வேண்டாம். இதெல்லாம் தெரிஞ்சதும் பாட்டு தேடுற விதமே மாறிப்போச்சு. முன்னாடி எது பிடிச்ச பாட்டுன்னு பார்ப்பேன். இப்ப இந்தப் பாட்டுல எனக்குத் தெரியாத விஷயம் எத்தனைன்னு பார்க்கிறேன். ஒண்ணே ஒண்ணு இருந்தா அது நல்ல பாட்டு. ஒண்ணுமே இல்லைன்னா அது நேத்தைய பாட்டு. மூணு இருந்தா அடுத்த வருஷத்துப் பாட்டு. மெதுவான பாட்டு சுலபம்னு நினைச்சு எடுக்கிறவங்க உண்டு, அதை நம்பாதீங்க. வேகமான பாட்டுல ஒரு கார்டு சரியா அமுங்கலைன்னாலும் ஓடுற ஓட்டத்துல மறைஞ்சிரும். மெதுவான பாட்டுல அது அங்கயே நின்னு நம்மைப் பார்க்கும்.

அப்படித்தான் ஹேப்பி பர்த்டேவுக்கு வந்தேன். சின்னப் பிள்ளைப் பாட்டுன்னு சிரிக்காதீங்க. ஜி, சி, டி மூணே கார்டு. வருஷம் முழுக்க யாருக்காவது பிறந்தநாள் வரும், அதனால வாசிச்சுக் காட்ட ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனா அந்தப் பாட்டுக்குள்ள ஒரு பள்ளம் இருக்கு. மூணாவது தடவை சொல்லும்போது, பேர் வர்றதுக்கு முன்னாடி, பாட்டு திடீர்னு ஒரு முழு ஸ்தாயி மேல தாவுது. கீழ ச-விலிருந்து மேல் ச-வுக்கு ஒரே தாவல்னு வச்சுக்கோங்க. அடுத்த பிறந்தநாளுக்குக் கவனிச்சுப் பாருங்க, வகுப்பே அந்த இடத்துல கீச்சுன்னு கத்தும்.

இந்த இடத்துல என் நண்பனைப் பத்திச் சொல்லணும். பேர் போடக்கூடாதுன்னு சொல்லிட்டான். போடாட்டியும் உங்க எல்லாருக்கும் தெரியும். ஆறாவதுலேர்ந்து காலை வழிபாட்டுக் கூட்டத்துல மைக் முன்னாடி நின்னு பாடுனவன். கலைத் திருவிழா 2022-இல் ஆரம்பிச்சதுல இருந்து தனிப்பாட்டுன்னா நம்ம பள்ளியில வேற பேர் கிடையாது, எட்டாவது படிக்கும்போது மாவட்ட அளவு வரைக்கும் போயிட்டு வந்தான். பத்தாவது அரையாண்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை, வழிபாட்டுல பாடிக்கிட்டு இருக்கும்போதே குரல் ரெண்டாப் பிளந்துச்சு. மேல போக வேண்டிய இடத்துல கீழ விழுந்துச்சு. வரிசையில நின்ன சில பேர் சிரிச்சாங்க. யார் யார்னு எழுதலை, அவங்களுக்கே தெரியும். மறுநாள்லேர்ந்து அவன் மைக் பக்கம் போகலை. வகுப்பு வரிசையில கடைசி ஆளா வந்து நின்னுக்கிட்டான். பாடச் சொன்ன டீச்சர்கிட்ட தொண்டைக் கட்டுன்னு சொன்னான். தொண்டைக் கட்டு எட்டு மாசம் இருக்குமா?

அறிவியல் சார்கிட்ட நான் தனியாப் போய்க் கேட்டேன். பையன்களுக்குப் பெரும்பாலும் பன்னிரண்டு வயசுலேர்ந்து பதினாறுக்குள்ள குரல்வளை வளரும், உள்ள இருக்கிற குரல் நாண் நீளமாகும், தடிக்கும், அதனால குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழ இறங்கும்னு சொன்னார். பொண்ணுங்களுக்கும் மாறும், ஆனா கொஞ்சம்தான். கிட்டார்ல முதல் கம்பி மெலிசு, ஆறாவது கம்பி தடி. தடிக் கம்பிதான் கீழ்ச் சத்தம் தரும். நம்ம இயற்பியல் ஆய்வகத்துல சுரமானியில பார்க்கிறதும் இதைத்தான்: கம்பி நீளமானா, தடிச்சா, அதிர்வெண் குறையும். அப்ப என் நண்பன் தொண்டையில யாரோ முதல் கம்பியைக் கழட்டிட்டு நாலாவது கம்பியை மாட்டியிருக்காங்க, அவன் பழைய கம்பின்னு நினைச்சே வாசிக்கப் பார்க்கிறான்.

தமிழ் ஐயா இதுக்கு ஒரு வார்த்தை சொன்னார்: மகரக்கட்டு. அந்தக் காலத்துல பாய்ஸ் கம்பெனி நாடகங்கள்ல சின்னப் பையன்கள்தான் பாடி நடிப்பாங்களாம். மகரக்கட்டு வந்துட்டா, அதுவரைக்கும் ராஜபார்ட் போட்ட பையன் அன்னையோட ஓரமா உட்கார வேண்டியதுதான். செங்கோட்டையில் 1906-இல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா மாதிரி, பெரியவரான பிறகும் உச்ச சுருதியில் பாடினவங்க ரொம்ப அபூர்வம்னு ஐயா சொன்னார். எனக்கு கிட்டப்பாவைவிட அந்த ஓரமா உட்கார்ந்த பையன்களைப் பத்தித்தான் யோசனையா இருந்துச்சு. அவங்க பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?

நண்பன் சாயங்காலம் எங்க வீட்டுக்கு வருவான். நான் வாசிப்பேன், அவன் திண்ணையில உட்கார்ந்து விரலால தாளம் போடுவான். வாயைத் திறக்க மாட்டான். எனக்கோ வாசிச்சுக்கிட்டே பாட வராது. வாயைத் திறந்தா கை நின்னுரும். பாட ஆள் இல்லாம கார்டு மட்டும் வாசிச்சா, அது குழம்பு இல்லாத சோறு. “பாடுல” என்றால், “வேண்டாம்ல, காக்கா மாதிரி இருக்கு” என்பான். ஹேப்பி பர்த்டே வாசிச்சப்போ ஒரே ஒரு தடவை மெதுவா முனகினான். அந்தத் தாவல் வந்த இடத்துல குரல் உடைஞ்சது. எழுந்து செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

அண்ணன்கிட்ட சொன்னேன். அவர் பாவம்னு சொல்லலை. தைரியம் சொல்லு, பயிற்சி பண்ணச் சொல்லுன்னும் சொல்லலை. “அவனை இங்க கூட்டிட்டு வா, அளந்து பார்ப்போம்” என்றார்.

அளக்கிறதுன்னா இப்படி. அண்ணன் அஞ்சாவது கம்பியை விரல் வைக்காமச் சும்மா மீட்டினார். அது ஏ சுரம், 110 ஹெர்ட்ஸ். “பாட வேண்டாம். இந்தச் சத்தத்துக்கு ம்ம்-னு மட்டும் சொல்லு.” பாடச் சொல்லாததால அவனும் சொன்னான். பிறகு ஒவ்வொரு ஃப்ரெட்டா மேல ஏத்திக்கிட்டே வந்தார். அவன் எங்க முகத்தைச் சுளிக்கிறானோ அங்க நிறுத்தணும், அதுக்கு மேல கழுத்து நரம்பு புடைக்கப் போகவே கூடாதுன்னார். மூணாவது கம்பியில ரெண்டாவது ஃப்ரெட் வந்ததும் நிறுத்தினார். அதுவும் ஏ சுரம்தான், 220 ஹெர்ட்ஸ். சரியாப் பன்னிரண்டு ஃப்ரெட் தூரம், அதாவது ஒரே ஒரு ஸ்தாயி. என் கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்துல தேதி போட்டு எழுதிக்கிட்டேன்.

“இவன்கிட்ட ஒரு வீடு இருக்கு. சின்ன வீடு. அவ்வளவுதான் விஷயம்” என்றார் அண்ணன். “நீ வாசிக்கிற ஹேப்பி பர்த்டே அஞ்சு கட்டை. அது இவன் வீட்டுக் கூரையை இடிக்குது. ரெண்டு கட்டைக்கு இறக்கு.”

கட்டைக் கணக்கு தெரியாதவங்களுக்கு: மேடையில சுருதியை இப்படித்தான் சொல்லுவாங்க. சி சுரம் ஒரு கட்டை, டி ரெண்டு கட்டை, ஜி அஞ்சு கட்டை. ஜி-யில வாசிச்சா அந்தப் பாட்டோட கீழ் சுரம் டி, மேல் சுரம் அதுக்கு அடுத்த டி. அவனால எட்ட முடியாது. டி-யில வாசிச்சா கீழ் சுரம் ஏ, மேல் சுரம் அடுத்த ஏ. அவன் நோட்டுல இருக்கிற அதே ரெண்டு ஏ! கூரையில இடிக்காம, தரையிலயும் தட்டாம, பாட்டு அந்த வீட்டுக்குள்ள அப்படியே பொருந்துது. எனக்கு ஏதோ கணக்குல விடை மீதியில்லாம வகுபட்ட மாதிரி இருந்துச்சு.

கிட்டார் கழுத்துல மாட்டுற கேப்போன்னு ஒரு கிளிப் உண்டு. அதை மாட்டினா சுருதியை ஏத்தலாம். இறக்க அது உதவாது. இறக்கணும்னா கம்பியையெல்லாம் தளர்த்தணும், இல்லைன்னா வாசிக்கிறவன் கார்டை மாத்தணும். நான் கார்டை மாத்தினேன். ஜி போய் டி வந்துச்சு, சி போய் ஜி வந்துச்சு, டி போய் ஏ மேஜர் வந்துச்சு. ஏ மேஜர்ல மூணு விரலும் ஒரே ஃப்ரெட்டுல பஸ்ல நிக்கிற மாதிரி நெருக்கிக்கிட்டு நிக்கணும். அந்த ஒரு வாரம் என் மோதிர விரல் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதுவரைக்கும் பாட்டை என் விரலுக்குத் தக்கத்தான் தேடினேன். பாடப்போறவன் தொண்டையையும் பார்த்து எடுக்கணும்னு அப்பத்தான் புரிஞ்சது. இணையத்துல கிடைக்கிற கார்டெல்லாம் பெரும்பாலும் சினிமாவுல பாடினவங்க சுருதிக்குப் போட்டது. எஸ்.பி.பி. வீடும் யேசுதாஸ் வீடும் பங்களா. அந்தச் சாமானை நம்ம வீட்டுக்குள்ள திணிச்சா எப்படி?

ஆனா நண்பன் முதல்ல பாடினது அந்தப் பாட்டு இல்லை.

பதினோரு பாட்டுல ஆச்சியோட தாலாட்டு ஒண்ணு இருந்துச்சுன்னு சொன்னேன் இல்லையா? அது ஐந்தாறு சுரத்துக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். பிள்ளையைத் தூங்க வைக்கிற பாட்டுல யாரும் உச்சத்துக்குப் போறதில்லை. ஏ மைனரும் ஈ மைனரும் போதும். கஷ்டம் என்னன்னா அதுக்குத் தாளம் கிடையாது. ஆச்சி ஒரு வரியை இழுத்துப் பாடிட்டு, நடுவுல “அரிசி களைஞ்சாச்சா?”ன்னு அம்மாவைக் கேட்டுட்டு, அப்புறம் அடுத்த வரிக்கு வருவாங்க. நான் தட்டித் தட்டி வாசிச்சா ஒத்து வரலை. அதனால வரிக்கு ஒரே ஒரு தடவை கார்டை மேலேர்ந்து கீழ உருட்டி விட்டுட்டு, சத்தம் அடங்குற வரைக்கும் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறதும் வாசிப்புதான்னு அன்னைக்குத்தான் தெரியும்.

கரெண்ட் போன ஒரு சாயங்காலம். ஆச்சி பாடிக்கிட்டு இருந்தாங்க. நண்பன் வழக்கம்போலத் திண்ணையில. மூணாவது வரியோ நாலாவது வரியோ, ஆச்சி நிறுத்திட்டாங்க. “அதுக்கு மேல என்னமோ வருமே…” நான் கார்டை உருட்டிட்டுக் காத்திருந்தேன். திண்ணையிலேர்ந்து அந்த வரி வந்துச்சு. புதுக் குரல். கீழ, கொஞ்சம் கரகரன்னு, ஆனா நேரா. ஆச்சி “ஆங், அதான்”ன்னு சொல்லிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டாங்க, எதுவுமே நடக்காத மாதிரி. அதுக்கடுத்த வரியும் மறந்துட்டாங்க. அதையும் அவன்தான் பாடினான். அப்பா சின்னப் பிள்ளையா இருந்ததுலேர்ந்து பாடுற பாட்டை ஆச்சி நிஜமாவே மறந்தாங்களான்னு எனக்குச் சந்தேகம். கேட்டேன். “வயசாச்சுல்லா”ன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.

அதுக்கப்புறம் ஜூலையில எங்க வகுப்புல ஒருத்தனுக்குப் பிறந்தநாள். அன்னைக்கு ஆண்டுவிழா ஒத்திகைக்காக கிட்டார் கொண்டு வந்திருந்தேன். டி கார்டு பிடிச்சேன். வகுப்பே பாடுச்சு. அந்த மூணாவது இடம் வந்ததும் என் கை நடுங்குச்சு, அவனுக்கு நடுங்கலை. கீச்சுன்னு எந்தப் பக்கமும் சத்தம் வரலை, ஏன்னா இறக்கின சுருதி பாதிப் பேருக்கு வசதியாத்தான் இருந்திருக்கு! அவன் நேரா ஏறி நேரா இறங்கினான். யாரும் கவனிக்கலை. கேக் வந்துட்டுது.

இப்ப அடுத்த வேலை. பிப்ரவரியில பன்னிரண்டாம் வகுப்பு அண்ணன், அக்காமாருக்குப் பிரிவு உபசார விழா. ஒரு பாட்டு நாங்க ரெண்டு பேரும் பண்ணலாமான்னு யோசனை. பண்ணலாமான்னுதான், பண்ணுறோம்னு இல்லை. அவன் இன்னும் சரின்னு சொல்லலை. தலைமையாசிரியர் ஐயாவுக்குப் பிடித்தது 1963-இல் வந்த ‘ரத்தத் திலகம்’ படத்தில் கண்ணதாசன் எழுதிய பிரிவுப் பாட்டு. அது டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் சேர்ந்து பாடியது. எங்க வகுப்புல பாதிப் பேர் கேட்கிறது 1996-இல் ‘காதல் தேசம்’ படத்துல ஏ.ஆர்.ரஹ்மான் தானே பாடின நட்புப் பாட்டு. ரெண்டையும் எடுத்துப் பார்க்கிறோம். பாட்டோட மேல் சுரம் எது, கீழ் சுரம் எதுன்னு கிட்டார்ல தேடி, கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்தோட ஒப்பிட்டுப் பார்க்கணும். அதுக்கப்புறம்தான் கார்டு.

கடைசிப் பக்கத்துல இப்ப ரெண்டாவது அளவும் இருக்கு. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அளக்கணும்னு அண்ணன் சொன்னபடி போன வாரம் அளந்தோம். கீழ ஆறாவது கம்பி மூணாவது ஃப்ரெட், அதாவது ஜி. மேல ரெண்டாவது கம்பியைச் சும்மா மீட்டினா வர்ற பி. பதினாறு ஃப்ரெட் ஆயிருக்கு.

ஆகவே நண்பர்களே, டீச்சர்மாரே, பதினாறு ஃப்ரெட்டுக்குள்ள அடங்குற நல்ல பாட்டு உங்களுக்குத் தெரிஞ்சா, இந்தச் சுவர் இதழுக்குக் கீழ தொங்குற அட்டைப் பெட்டியில சீட்டு எழுதிப் போடுங்க. வீட்ல பாட்டி, ஆச்சி பாடுற பாட்டா இருந்தாலும் சரி. ஆனா முழுசா எழுதுங்க, நடுவுல லலலா போடக் கூடாது.

– பதினோராம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு